பச்சைக் கட்டு

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைக் கிடத்தும் அந்த வார்டில், கடைசி இரண்டு படுக்கைகளில் மட்டும் கட்டு பச்சையாகிக்கொண்டிருந்தது. மற்ற படுக்கைகளில் புண் ஆறியது. ஆறாவிட்டாலும் சாதாரணமாகச் சீழ் பிடித்து, மருந்துக்கு அடங்கியது. அந்த இரண்டில் கிடந்தவர்களுக்கு முதலில் கட்டின் ஓரத்தில் பாசி படிந்ததுபோல ஒரு கறை தெரியும். பிறகு அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை, பிறகு கட்டிலையே ஆட்டும் குளிர்காய்ச்சல். அதற்குமேல் எந்த ஊசியும் கேட்காது. வார்டில் அதற்குப் பெயரே ‘பச்சை’ என்றாகிவிட்டது.

நர்ஸுக்கு விளங்காதது இதுதான்: இருப்பதிலேயே சுத்தமான மூலை அது. கைகழுவும் தொட்டி அங்கேதான் இருந்தது. வார்டுக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்க் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தார்கள். தொட்டியை ஒட்டிய கல்மேடையில் ஊசி மருந்து கலக்குவதும், கட்டுப் போடும் தட்டைத் தயார் செய்வதும் நடந்தன. கழுவிய கையோடு உடனே தொடலாம் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. பார்க்கப்போனால் நல்ல ஏற்பாடுதான்.

ஆபரேஷன் டாக்டரிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஆக்சிஜன் குழாய் அந்தக் கடைசிச் சுவரில்தான் இருந்தது. மூச்சுக்குத் திணறுகிறவர்களை அங்கேதான் போட வேண்டும். “ரொம்ப முடியாதவங்களைத்தானே சிஸ்டர் அங்க படுக்க வைக்கிறோம்? அதனால அங்க நெறைய பேருக்கு வருது.” அதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் ஒருமுறை இடமில்லாமல், குடலிறக்கத்துக்குத் தையல் போட்ட திடகாத்திரமான ஆள் ஒருவனை அங்கே கிடத்தினார்கள். அவன் கட்டும் பச்சையானது. அந்த நாளிலிருந்து பாதி விளக்கம் நர்ஸுக்குப் போதவில்லை.

பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மாவுக்கும் போதவில்லை. மருத்துவமனைக்குள் நோய் பரவாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. அவள் பஞ்சுக் குச்சிகளோடு வந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள், சோப்பைத் துடைத்தாள், எல்லோருடைய விரல் இடுக்கையும் துடைத்தாள். கிருமி வளர்க்கும் தட்டுகளில் தடவிச் சூட்டில் வைத்தாள். கைகள் சுத்தம். சோப்பு சுத்தம். தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சுத்தம்.

“எதுக்கும் இன்னும் நல்லா கழுவுங்க” என்றாள், வேறு சொல்லத் தோன்றாமல்.

இன்னும் நல்லா கழுவினார்கள். பச்சை இன்னும் அதிகமானது.

லாரி டிரைவரின் அண்ணன் அதில்தான் செத்தான்.

குடல்வால் வெடித்து வந்தவன். ஆபரேஷன் தேறி, தம்பி கொண்டுவந்த ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றவன், ஒருநாள் காலையில் நடுங்க ஆரம்பித்தான். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் உயிர் போய்விட்டது. லாரி டிரைவர் அழவில்லை. வெளியே போனான். திரும்பி வரும்போது லாரிப் பேட்டை ஆட்கள் அவன் பின்னால் நின்றார்கள்.

முதல் கண்ணாடி உடைந்த சத்தத்திலேயே வார்டு ஆயா கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அலமாரி கவிழ்ந்தது. மருந்துப் புட்டிகள் தரையெல்லாம் சிதறின. எழ முடியாத நோயாளிகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்கள். லாரி டிரைவர் நர்ஸின் முடியைக் கொத்தாகப் பிடித்து அண்ணன் கிடந்த கட்டில்வரை இழுத்துப்போனான்.

“நடந்து வந்தான்டி எங்கண்ணன்! இந்தா, இந்தக் காலால நடந்து வந்தான்! நடந்து வந்தவனைப் பொணமாக்கி வச்சிட்டு, மேசை போட்டு ஒக்காந்து சம்பளமா வாங்கறீங்க?”

“கையை எடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க…”

“என்ன சொல்லுவ? சொல்லு! எதால செத்தான்? சொல்லுடி!”

அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அது தெரியாது. அந்த மௌனத்துக்கு அவன் அவள் கன்னத்தில் அறைந்தான்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய கொழுந்தன் மதியச் சாப்பாட்டோடு வந்தான். மரக்கடையில் பலகை அறுக்கிறவன். வேலைக்கு நடுவில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுவருவது அவன் வழக்கம். வாசலிலிருந்தே “அண்ணி, ஆக்சிஜன் வந்தாச்சு” என்று கத்திக்கொண்டுதான் வருவான். அன்றும் பாதி கத்திவிட்டான். அண்ணியின் முடி இன்னொருவன் கையில் இருப்பதைப் பார்த்ததும் தூக்குச்சட்டியாலேயே அந்த ஆளின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தான். சோறும் குழம்பும் சுவரில் அப்பின. லாரி டிரைவர் குளுக்கோஸ் தொங்கும் இரும்புக் கம்பத்தைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றினான். அடிப்பாகத்தின் கனத்த இரும்பு கொழுந்தனின் இடது விலாவுக்குக் கீழே இறங்கியது.

அவன் “ஓ” என்று மட்டும் சொல்லி, ஏதோ மறந்துபோனவன் மாதிரி தரையில் உட்கார்ந்தான்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. வயிற்றைத் திறந்து அதை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். தள்ளுவண்டியில் அவன் திரும்பி வந்தபோது உதடு நீலமாக இருந்தது.

“அந்தக் கடைசிப் பெட்டு வேண்டாம் சார்” என்றாள் நர்ஸ். வீங்கிய கன்னத்தால் வார்த்தை குழறியது. “கையெடுத்துக் கும்பிடறேன். அங்க மட்டும் வேண்டாம்.”

“ஆக்சிஜன் அந்தச் சுவத்துலதானே சிஸ்டர் இருக்கு? சிலிண்டர் ஆபரேஷன் தியேட்டருக்கே பத்தல. நான் என்ன பண்ணட்டும்?”

தொட்டிக்கு அருகில் இருந்த கட்டிலில் அவனைக் கிடத்தினார்கள். சுவரில் குழம்புக் கறை இன்னும் இருந்தது.

நர்ஸ் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இல்லை. லாரிப் பேட்டை ஆட்கள் போகிற போக்கில் அதையும் உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் புருஷன் வெல்டர். இரும்புக் கதவும் கிராதியும் செய்கிறவன். உடைந்த ஜன்னலுக்குத் தகடு அடிக்காமல், கூடத்தில் உட்கார்ந்து ஒரு பைப்பின் முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். மாமியார் எல்லோருக்கும் தட்டு வைத்தாள். தட்டு வைத்த கையோடு பேச்சையும் வைத்தாள்.

“தின்னுடா. நல்லா தின்னு. உன் தம்பி வயித்தைக் கிழிச்சுத் தச்சுப் போட்டிருக்கு, நீ வயித்தை ரொப்பிக்க.”

“அம்மா, சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். நீயும் சும்மாதான் இருக்க. அந்த லாரிக்காரன் ஒருத்தன்தான் சும்மா இல்ல. போலீசு அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருச்சாம். துக்க வீடாம், பாவமாம்.”

“அத்தை, இவரைத் தூண்டிவிடாதீங்க” என்றாள் நர்ஸ்.

“ஆமா, நான் தூண்டிவிடறேன். உன் முடியைப் பிடிச்சு அவன் இழுத்தப்போ நானா தூண்டிவிட்டேன்?”

வெல்டர் அரத்தை நிறுத்தவில்லை. கர்ர், கர்ர் என்று அது போய் வந்தது.

“ஏங்க, நான் சொல்றதைக் கேளுங்க. தம்பிக்கு ஆபத்து இப்ப அந்த ஆளு இல்ல. அந்த மூலை. அங்க கெடந்தவங்க யாரும் நல்லபடியா வீட்டுக்குப் போகல. அது எப்படி வருதுன்னு கண்டுபிடிக்கலைன்னா…”

“கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதை நான் என்ன பண்றது? அதை நீ பாத்துக்க.” பைப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். “கண்ணுக்குத் தெரியறதை நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலையில், பேட்டையில், லாரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்த டிரைவரின் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். எழ விடவில்லை. முதல் அடி விலாவில். தம்பிக்கு விழுந்த அதே இடம் என்று பார்த்து அடித்தான். அடுத்தது முழங்காலுக்குக் கீழே. எலும்பு தோலைக் கிழித்து வெளியே எட்டிப் பார்க்கும்வரை நிறுத்தவில்லை. பிறகு பைப்பை லாரியின் முன்கண்ணாடியில் எறிந்துவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போய், ஒரு கிராதியை எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தான்.

போலீஸ்காரர் வார்டுக்கு வந்து கேட்டபோது லாரி டிரைவர், “லாரியிலேர்ந்து விழுந்தேன்” என்றான்.

“விழுந்தவனுக்கு விலாவுல பைப்பு தடம் எப்படிய்யா வந்துச்சு?”

“விழுந்த எடத்துல பைப்பு கெடந்துச்சு.”

போலீஸ்காரர் போனதும் நர்ஸைப் பார்த்துச் சிரித்தான். பல்லில் ரத்தம் இருந்தது. “உள்ள வச்சிட்டா நான் அவனை எப்படிப் பாக்கறது? எழுந்து நடக்கறேன். அப்புறம் உன் புருஷன்கிட்ட பேசிக்கறேன்.”

விலா நொறுங்கி மூச்சு வாங்கியதால் அவனுக்கும் ஆக்சிஜன் வேண்டியிருந்தது. கடைசி இரண்டில் மற்ற கட்டில் அவனுக்கு. அண்ணன் செத்த கட்டில்.

இப்படியாக, அடித்தவனும் அடிபட்டவனும் கைகழுவும் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாகப் படுத்துக்கொண்டு, ஒரே சுவரிலிருந்து மூச்சு வாங்கினார்கள்.

“எந்த லாரிண்ணே அது?” என்பான் கொழுந்தன், முகமூடியைத் தூக்கி. “ஒருதடவை விழுந்த மாதிரி தெரியல. ஏறி ஏறி விழுந்திருப்ப போல.”

“சிரிடா. சிரி. தையல் பிரியட்டும்.”

“பிரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம். கொடல் உன் கட்டில்லதான் வந்து விழும்.”

“அண்ணி!” என்று பிறகு முனகுவான். “சிரிச்சா வலிக்குது. இந்த ஆளைப் பேச வேண்டாம்னு சொல்லுங்க.”

அவள் இருவருக்கும் கட்டு மாற்றினாள். ஒவ்வொருமுறையும் தொட்டிக்குப் போய், முழங்கைவரை நுரைத்து, தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிட்டுக் கழுவினாள். தோல் வெடித்து எரிந்தது. கழுவிவிட்டு மேடையிலிருந்து தட்டை எடுத்தாள். கட்டைப் பிரித்தாள். வெள்ளை. மறுபடி கழுவினாள். அடுத்தவனின் கட்டு, அதுவும் வெள்ளை. தன் முடியைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவன் காலைத் துடைத்தாள். ஒருமுறை சற்று அழுத்தித்தான் துடைத்தாள்.

பிறகு ஒரு காலை, கொழுந்தனின் கட்டின் ஓரத்தில் பாசி படிந்திருந்தது.

அவன் அன்று கேலி பேசவில்லை. “குளுருது அண்ணி” என்றான்.

வெல்டர் பார்வையாளர் நேரத்தில் வந்தான். தம்பியின் கட்டைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். திரும்பி, அடுத்த கட்டிலில் கிடந்தவனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான். கட்டில் சுவரில் மோதியது. ஆக்சிஜன் முகமூடி தெறித்துச் சீறியது. லாரி டிரைவர் கண் பிதுங்க, கையை நீட்டி, மேடையில் அகப்பட்டதை எல்லாம் எடுத்து அடித்தான். இரும்புத் தட்டு வெல்டரின் நெற்றியைப் பிளந்தது. புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தின் பெரிய புட்டி குறி தவறித் தொட்டிக்குள் விழுந்து உடைந்தது. மருத்துவமனைக் காவல்காரர்கள் வந்து வெல்டரைப் பிய்த்து எடுக்கும்வரை யாராலும் நெருங்க முடியவில்லை. போகும்போது அவன் நெற்றி ரத்தம் வார்டு நெடுகச் சொட்டியது.

நர்ஸ் சிதறியதைப் பொறுக்கினாள். புதுத் தட்டு ஒன்றை எடுத்து மேடையில் வைத்தாள். லாரி டிரைவருக்கு முகமூடி மாட்டினாள். கொழுந்தனின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தொட்டியிலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். ஊதா மருந்து வடிந்துகொண்டிருந்தது. வாய் பாதி அடைத்த தொட்டி, அதில் தண்ணீர் எப்போதுமே மெதுவாகத்தான் இறங்கும். புருஷனின் ரத்தம் படிந்த கையைக் கழுவக் குழாயைத் திறந்தாள்.

கழுவி முடித்துத் தட்டை எடுக்கப் போனவள் நின்றாள்.

தட்டில் இருந்த வெள்ளைப் பஞ்சில் ஊதாப் புள்ளிகள். கலக்கி வைத்த ஊசி மருந்தின் மேல் ஊதாப் புள்ளிகள். அவள் உடுப்பின் வயிற்றுப் பகுதியில், பொடிப்பொடியாக. அவள் குனிந்தாள். கொழுந்தனுக்கு இப்போதுதான் போட்ட விரிப்பில், தொட்டிப் பக்கம் இருந்த ஓரத்திலும் ஊதா. அந்தப் பக்கம், லாரி டிரைவரின் காலில் சுற்றிய கட்டின்மேலும்.

வேறு எந்தக் கட்டிலிலும் இல்லை.

குழாயை மூடினாள். ஒரு வெள்ளைத் துணியை மேடையில் விரித்தாள். மறுபடி திறந்தாள். தண்ணீர் நேராக, தொட்டியின் வடிகால் ஓட்டையின் நடுவில் விழுந்தது. அங்கே தேங்கி நின்ற ஊதா, கண்ணுக்குப் படாத வேகத்தில் துணியில் புள்ளி புள்ளியாக வந்து உட்கார்ந்தது.

“என்னடி தண்ணியை வச்சு வெளையாடிக்கிட்டு இருக்க?” என்றான் லாரி டிரைவர்.

அவள் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டரம்மா வந்து துணியைப் பார்த்தாள்.

“குழாயிலேர்ந்து வர்ற தண்ணியைப் பாத்தோம்” என்றாள். “ஓட்டையில போற தண்ணியைப் பாக்கவே இல்ல. போறதுதானே, போயிடும்னு விட்டுட்டோம்.”

தொட்டிக்கு அடியில் குழாய் ஒன்று வளைந்து திரும்பும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் அடைத்து நிற்பது அந்தத் தண்ணீர்தான். நல்ல யோசனை. ஆனால் தேங்கிய தண்ணீரில் கிருமி குடியேறும். குடியேறினால் தன்மேல் ஒரு கோழைப் போர்வை நெய்துகொள்ளும். அந்தப் போர்வைக்குள் மருந்துத் தண்ணீர் ஊற்றினாலும் இறங்காது. சாப்பாடு கிடைக்காவிட்டால் வளைவிலேயே கிடக்கும். கிடைத்தால், குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். ஓட்டையின் வாய்வரை வந்துவிட்டால், அதன்மேல் விழும் தண்ணீர் அதைத் தெறிக்கவைக்கும். எட்டும் தூரத்தில் இருந்தவை இரண்டு கட்டில்களும் ஒரு மேடையும்.

“ஆனா அது மேல வர்றதுக்கு நல்ல தீனி வேணுமே” என்றாள் டாக்டரம்மா. “இந்தத் தொட்டியில வேற என்ன ஊத்தறீங்க சிஸ்டர்?”

நர்ஸ் சுவரைப் பார்த்தாள். பாட்டிலில் மிஞ்சும் குளுக்கோஸை முன்பெல்லாம் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். எறும்பு வந்தது. எறும்பு ஒருநாள் நோயாளியின் புண்ணில் ஏறியது. தலைமை நர்ஸான மேட்ரன் வந்து வார்டையே கிழித்தெடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு சொட்டு குளுக்கோஸ்கூடக் குப்பைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. எறும்பு ஒழிந்தது.

“மிச்ச குளுக்கோஸ்” என்றாள். “தெனமும். நாங்க எல்லாரும். நானும்.”

சர்க்கரை ஊற்றி வளர்த்திருக்கிறார்கள். கழுவக் கழுவத் தெளித்திருக்கிறார்கள்.

ஓட்டையைத் துடைத்த பஞ்சுக்குச்சி டாக்டரம்மாவின் தட்டில் பச்சையாக வளர்ந்தது. கொழுந்தனின் புண்ணிலிருந்து எடுத்ததும் அதே பச்சை. பெயர் தெரிந்த எதிரி. எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துப் பார்த்தாள். யாரும் தொடாத பழைய மருந்து ஒன்றைச் சுற்றி மட்டும் பச்சை வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விட்டிருந்தது. அதை அவன் நரம்பில் ஏற்றினார்கள். ஆனால் தொட்டி அங்கேயே இருந்தால் மருந்து ஒரு பக்கம் கொல்ல, குழாய் மறுபக்கம் தெளிக்கும். குழாயைத் துணியால் கட்டி யாரும் தொடாமல் காவல் வைத்தாள். பராமரிப்பு ஆட்களைக் கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

“உங்க வீட்டுக்காரர் வெல்டர்தானே?” என்றாள் நர்ஸிடம்.

“ஆமாம் மேடம். ஆனா அவரை வார்டுக்குள்ள விடக் கூடாதுன்னு…”

“சுத்தியலோட வரச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

தியேட்டரில் சண்டை போட்டுச் சிலிண்டர் வாங்கி, இரண்டு கட்டில்களையும் வார்டின் நடுவுக்குத் தள்ளினார்கள். எதுவும் தெறித்துப் பறக்காமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி ஈர விரிப்புகள் கட்டினார்கள். வெல்டர் நெற்றியில் தையலோடு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வந்தான். முதலில் தண்ணீரை நிறுத்தினான். பிறகு வளைவுக் குழாயைத் திருகிக் கழற்றி வாளியில் கவிழ்த்தான். சாம்பலும் பச்சையுமாக ஒரு கட்டி, நாக்குபோல் நீண்டு, வழுக்கி விழுந்தது. ஓரத்தில் இன்னும் ஊதா இருந்தது.

“இதுலயா இத்தனை நாளும் கை கழுவினீங்க?” என்றான்.

லாரி டிரைவர் முழங்கையை ஊன்றி எழுந்து வாளியைப் பார்த்தான். “ஏய், நர்சு. இங்க வா.”

அவள் போனாள்.

“எங்கண்ணன் இதாலயா?”

அன்று அவளிடம் கேட்ட கேள்விதான். இப்போது பதில் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டு நகரவும் முடியும்.

“இதாலதான். இந்தத் தொட்டி. நாங்கதான் குளுக்கோஸ் ஊத்தி வளத்துவிட்டோம். தெரியாம செஞ்சோம். ஆனா செஞ்சது நாங்கதான்.”

பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை அவன் எறிந்தான். அது அவள் வாயில் பட்டு உதடு கிழிந்தது. விரிப்பை விலக்கிக்கொண்டு வெல்டர் சுத்தியலோடு வெளியே வந்தான்.

“அண்ணே” என்றான் கொழுந்தன், முகமூடியைத் தூக்கி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “தொட்டி இன்னும் ஒடையல. அதை முடி மொதல்ல.”

வெல்டர் நின்றான். மனைவி ரத்தம் வழியும் வாயோடு தலையை மட்டும் ஆட்டினாள். அவன் திரும்பிப் போய்த் தொட்டியின் நடுவில் ஓங்கி அடித்தான். பீங்கான் வெடித்தது.

“அடிடா” என்றான் லாரி டிரைவர். அண்ணன் செத்தபோது வராத அழுகை அவனுக்கு இப்போது வந்தது. “இன்னும் அடி. ஒரு துண்டுகூட முழுசா இருக்கக் கூடாது. அடி!”

வெல்டர் அடித்தான். தொட்டி தூளாகும்வரை அடித்தான். சுவரின் ஆக்சிஜனை அடைக்கச் சொல்லிவிட்டு, அங்கே நின்ற தண்ணீர்க் குழாயின் வாயை நெருப்பால் உருக்கி மூடினான்.

கொழுந்தனின் கட்டு உடனே மாறிவிடவில்லை. ஊசி ஏறிக்கொண்டிருந்தது. பச்சை முதலில் மஞ்சளானது, பிறகு வெளிறியது. லாரி டிரைவரின் கால் கடைசிவரை பச்சையாகவில்லை. நர்ஸ் ஒருநாள் காலையில் கொழுந்தனின் கட்டைப் பிரித்தபோது பஞ்சு வெள்ளையாக வந்தது. அவள் அதை அவனுக்குக் காட்டினாள். பிறகு அடுத்த கட்டிலுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள்.

புதுத் தொட்டி வார்டுக்கு வெளியே, வாசலை ஒட்டி இருக்கிறது. ஆழமானது, குழாய்த் தண்ணீர் ஓட்டையில் விழாமல் பக்கவாட்டுச் சரிவில் விழுந்து வழிகிறது. அதில் கையைத் தவிர வேறு எதையும் கழுவுவதில்லை. மிச்ச குளுக்கோஸ் கக்கூஸில் போகிறது. ஊசி மருந்து கலக்கும் மேடை எதிர்ச்சுவரில், எந்தக் குழாயும் எட்டாத இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு படுக்கைகளில் கட்டு இப்போது பச்சையாவதில்லை.